ஊசித் துளையும் கப்பல் தண்ணீரும்: குளச்சல் வலைப்பட்டறை பற்றி ஒரு மதிப்புரை

கன்னியாகுமரி மாவட்டத்தின் குளச்சல் மீன்பிடித் துறைமுகத்துக்குச் செல்லும் வழியில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு வலைப்பட்டறை இருக்கிறது. ஓட்டுக்கூரையும் அகன்ற திண்ணையும் கொண்ட அந்த இடத்தில் விசைப்படகுகளின் இழுவலைகளும் வள்ளங்களின் செவுள்வலைகளும் எந்நேரமும் குவிந்து கிடக்கும். 2002ஆம் ஆண்டு முதல் நான் அங்கே வாடிக்கையாளன். கப்பல்கள் வழியாக ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு வந்து சேரும் அயல் உயிரினங்களை ஆராய்வது என் தொழில். அதற்கு வேண்டிய, தண்ணீரில் மிதந்து திரியும் சிற்றுயிர்களைப் பிடிக்கும் மிதவையுயிரி வலைகளையும், கப்பலடியிலும் தூண்களிலும் ஒட்டி வளரும் ஒட்டுயிரிகளைக் கவனிப்பதற்கான பலகைச் சட்டங்களையும் அங்கேதான் செய்து வாங்குகிறேன். கடல் உயிரியல் படிக்கும் மாணவர்கள் வலை தைக்க எங்கே போவது என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் வேலையின் தன்மையைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பட்டறையின் அருமை விளங்காது. சரக்கு இல்லாமல் கிளம்பும் கப்பல் ஆட்டம் காணாமலிருக்க, துறைமுகத்துக் கடல்நீரையே தன் வயிற்றிலுள்ள தொட்டிகளில் நிரப்பிக்கொள்கிறது. இதற்குப் பேலஸ்ட் தண்ணீர் என்று பெயர். சரக்கு ஏற்றப் போகிற துறைமுகத்தில் அந்தத் தண்ணீர் வெளியேற்றப்படுகிறது. அதோடு சேர்ந்து, ஏறிய ஊரின் நுண்பாசிகளும் சிப்பிக் குஞ்சுகளும் நண்டுக் குஞ்சுகளும் இறங்குகின்றன. ஆகவே சரக்கை இறக்கும் துறைமுகத்தைவிட ஏற்றும் துறைமுகமே அயல் தண்ணீரை அதிகம் வாங்கிக்கொள்கிறது. விசாகப்பட்டினம் துறைமுகத்தில் 1967இல் கண்டறியப்பட்ட மைட்டிலோப்சிஸ் சாலேயி என்ற சிறிய சிப்பி, அமெரிக்கக் கண்டத்தின் வெப்பக் கடல்களைச் சேர்ந்தது. அதே சிப்பி 1999இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரப் படகுத்துறைகளில் தென்பட்டபோது, அந்தத் துறைகளை மூடிக் குளோரினும் காப்பர் சல்பேட்டும் கொட்டி அதை அடியோடு ஒழித்தார்கள். ஒரு கடல் உயிரி வந்து குடியேறிய பிறகு முற்றிலும் ஒழிக்கப்படுவது மிக அரிது. டார்வினில் அது முடிந்ததற்குக் காரணம், வந்த சில மாதங்களுக்குள்ளேயே பார்த்துவிட்டார்கள் என்பதுதான். பார்ப்பதற்கு நல்ல வலை வேண்டும்.

பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் பேலஸ்ட் நீர் ஒப்பந்தம் 2004இல் ஏற்கப்பட்டு, 2017 செப்டம்பர் 8இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி கப்பல் வெளியேற்றும் தண்ணீரில், ஒரு கன மீட்டருக்கு 10க்கும் குறைவான உயிருள்ள உயிரிகளே இருக்கலாம். 50 மைக்ரானும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்கு மேலும் குறுக்களவு உள்ள உயிரிகளுக்கான அளவு இது. ஒரு கன மீட்டர் என்றால் ஆயிரம் லிட்டர். ஆயிரம் லிட்டரில் ஒன்பது இருந்தால் தேறும், பத்து இருந்தால் தேறாது. இத்தகைய கணக்கில், வலையின் ஒரு தையல் பிரிந்து நாலைந்து உயிரிகள் நழுவிவிட்டால், தேறாத தண்ணீர் தேறிய தண்ணீராக மாறிவிடும். மாதிரி எடுக்கும் வலையின் கண்ணி, மூலைக்கு மூலை 50 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்பது வழிகாட்டுதல். பக்கத்துக்குப் பக்கம் அளந்தால் அது ஏறத்தாழ 35 மைக்ரான். இந்த வேறுபாடு தெரியாமல் 50 மைக்ரான் துணி வாங்கி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

இப்போது தையலுக்கு வருகிறேன். இவ்வளவு நுண்ணிய நைலான் துணியில் ஊசி இறங்கினால் விழும் துளை, கண்ணியைவிடப் பத்து மடங்குக்கும் மேல் பெரியது. நூல் அதில் பாதியை அடைக்கும். மீதி திறந்தே இருக்கும். சாதாரணத் தையல்காரர் ஒற்றைத் தையல் போட்டுக் கொடுத்துவிடுவார். பார்வைக்கு அது குறையில்லாமல் இருக்கும், ஆனால் நெடுகச் சல்லடை ஓட்டையாக இருக்கும். குளச்சல் பட்டறையில் துணியின் இரு விளிம்புகளையும் ஒன்றையொன்று கவ்வும்படி மடித்து, இரண்டு வரிசை தையல் போடுகிறார்கள். மேல் வரிசையின் துளையும் கீழ் வரிசையின் துளையும் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி அரை இழை தள்ளி ஓட்டுகிறார்கள். பிறகு தையல் நெடுகிலும் உட்புறம் மெல்லிய பசை தடவி ஒரு பகல் உலர விடுகிறார்கள். இதை அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை. நெத்தோலி வலையின் மடி கிழியாமலிருக்க அவர்கள் வீட்டில் காலம்காலமாகச் செய்துவரும் மடிப்பையே இந்தத் துணிக்கும் பயன்படுத்தினார்கள்.

தைத்து முடித்ததும் அவர்கள் செய்யும் சோதனையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வலையை வாய் மேலாகக் கட்டித் தொங்கவிட்டு, கடற்கரையிலிருந்து அள்ளி வந்த ஒரு கைப்பிடி கருமணலை ஒரு வாளித் தண்ணீரில் கலக்கி உள்ளே ஊற்றுகிறார்கள். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணல் என்றால் இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். மாவு போல நைசாகவும் மை போலக் கறுப்பாகவும் இருக்கும். வெள்ளைத் துணியின் வெளிப்புறத்தில் எந்த இடத்தில் கறுப்புப் பொட்டு தோன்றுகிறதோ அந்த இடம் ஒழுகுகிறது. முதல் வலையின்போது இரண்டு பொட்டுகள் தோன்றின. பட்டறையின் மூத்தவர் ஒன்றும் பேசாமல் வலையை இறக்கி, அந்த ஒரு சாண் தையலை முழுவதும் பிரித்து, மறுபடி தைத்தார். அன்று மாலை வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்திருந்த நான், இரண்டு நாள் கழித்துத்தான் வாங்கினேன். அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. பின்னாளில்தான் அந்த இரண்டு நாளின் மதிப்பு தெரிந்தது.

ஏனென்றால் இடையில் ஒருமுறை நான் வேறு இடத்தில் வாங்கினேன். ஒரு திட்டத்துக்காக நிர்வாக விதிப்படி விலைப்புள்ளி கேட்டு, பெருநகரத்து நிறுவனம் ஒன்றிடமிருந்து அச்சிட்ட சான்றிதழோடு வந்த வலை அது. ஏழு மாதம் அதை வைத்துக் கப்பல் தொட்டித் தண்ணீரிலும் துறைமுகத் தண்ணீரிலும் மாதிரி எடுத்தோம். எண்ணிக்கைகள் வழக்கத்தைவிடக் குறைவாகவே வந்தன. தண்ணீர்தான் சுத்தமாகிவிட்டது என்று நாங்கள் நம்பத் தொடங்கிய வேளையில், ஒரு மாணவி சந்தேகப்பட்டு, ரோட்டிஃபர் எனப்படும் நுண்ணிய நீருயிரிகளில் நூறை எண்ணி வலைக்குள் விட்டு, மடியில் சேர்ந்தவற்றைத் திருப்பி எண்ணினார். மூன்றில் ஒரு பங்கைக் காணவில்லை. அடிமடியும் துணியும் சேரும் வளையத் தையலில், கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு விரற்கடை நீளத்துக்குப் பிரிந்திருந்தது. ஏழு மாத உழைப்பையும் ஒதுக்கிவைத்தோம். அந்த மாணவியின் ஆய்வேட்டில் ஓர் இயலே போயிற்று. அந்த வலையைத் தூக்கிக்கொண்டு குளச்சலுக்குப் போனபோது, மூத்தவர் அதைத் திண்ணையில் விரித்து, தையல்மேல் விரலை ஒருமுறை ஓட்டிவிட்டுச் சொன்னார்: "சாரே, இது வேட்டி தைக்கிற தையலு. கடலுக்குக் காணாது."

அவர் என்னைத் தொடக்கத்தில் 'சாரே' என்று அழைக்கவில்லை. 2002இல், நாகர்கோவிலிலிருந்து பேருந்தில் துணிச்சுருளோடு போய் இறங்கிய ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது நான் அவருக்கு 'மக்கா'. இந்தியா உட்பட ஆறு நாடுகளில், இங்கே மும்பைத் துறைமுகத்தை மாதிரித் தளமாகக் கொண்டு, பேலஸ்ட் நீர் பற்றிய பன்னாட்டுத் திட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் துறையில் அதைப் பற்றிப் பேசாத நாளில்லை. ஆனால் எங்கள் மாவட்டத்தின் சின்னமுட்டத்திலும் முட்டத்திலும் குளச்சலிலும் என்ன ஒட்டியிருக்கிறது என்று அடிப்படைக் கணக்கே எங்கள் கையில் இல்லை. புதிதாக வந்தது எது என்று அறிய, முன்பு இருந்தது எது என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அந்தக் கணக்கை எடுக்கத்தான் முதல் வலை. கருங்கடலில் 1980களில் பேலஸ்ட் தண்ணீர் வழியாக வந்து சேர்ந்த அமெரிக்கச் சீப்பு ஜெல்லி, மீன்குஞ்சுகளின் உணவையும் முட்டைகளையும் தின்று பெருகியதையும், அங்கே நெத்திலி மீன்பிடிப்பு சரிந்ததையும் அவரிடம் ஒருநாள் சொன்னேன். ஊசியை நிறுத்திவிட்டு, "அப்போ நம்ம நெத்தோலிக்கும் அது வருமா மக்கா?" என்று கேட்டார். வராது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அன்று அவர் தையல்கூலி வாங்க மறுத்தார், வற்புறுத்தித்தான் கொடுத்தேன்.

பட்டறையின் இரண்டாவது வேலை பலகைச் சட்டம். கப்பல்கள் தண்ணீரில் மட்டும் உயிரினங்களைச் சுமப்பதில்லை. அடிப்புறத்தில் ஒட்டவைத்துக்கொண்டும் வருகின்றன. சரக்குப் பெட்டகக் கப்பல்கள், மொத்தச் சரக்குக் கப்பல்களைப் போல ஒரே இடத்தில் தொட்டித் தண்ணீரைப் பெருமளவு கொட்டுவதில்லை; அவற்றைப் பொறுத்தவரை அடிப்புறத்து ஒட்டுயிரிகளே என் கவலை. எங்கள் எல்லைக்கு அருகிலுள்ள விழிஞ்ஞத்துக்கு 2024 ஜூலையில் முதல் பெரிய பெட்டகக் கப்பல் வந்தது. 2025 மே 2இல் துறைமுகம் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. உலகின் பல துறைமுகங்களைத் தொட்டுவரும் கப்பல்கள் இப்போது எங்கள் மேற்குக் கரைக்கு அடுத்த வீட்டில் நிற்கின்றன. அதோடு தூத்தூர்ப் பகுதி ஆழ்கடல் மீனவர்களின் படகுகள் கொச்சியில் மாதக்கணக்கில் தங்கித் தொழில் செய்துவிட்டுத் தேங்காய்ப்பட்டணத்துக்குத் திரும்புகின்றன. பெரிய கப்பல் கொண்டுவந்து சேர்ப்பதைச் சின்னப் படகு ஊர் ஊராகப் பரப்பும். இது அந்த மீனவர்களின் குற்றமல்ல. அடிப்புறத்தைச் சுரண்டிக் கழுவி வர்ணம் பூச எல்லாத் துறைமுகங்களிலும் வசதி செய்து தராதது யாருடைய பொறுப்போ, அவர்களுடைய குற்றம்.

இதைக் கண்காணிக்க, 14 சென்டிமீட்டர் சதுரமுள்ள சாம்பல் நிறப் பிவிசி பலகைகளின் ஒரு பக்கத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, அந்தப் பக்கம் கீழ்நோக்கியிருக்கும்படி, தண்ணீருக்குள் ஒரு மீட்டர் ஆழத்தில் தொங்கவிட்டு, மூன்று மாதம் கழித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். கொட்டலசு, குழாய்ப்புழு, பாசி, கடற்பஞ்சு, சிப்பிக் குஞ்சு என்று பலகை முழுவதும் ஓர் ஊரே குடியேறியிருக்கும். பட்டறைக்காரர்கள் இதற்கு ஒரு சட்டம் செய்து தருகிறார்கள்: பிவிசி குழாயில் நாலு மூலைச் சதுரம், அதன் கீழ் ஈயக்குண்டு, மேலே மிதவை, நாலு பக்கமும் சமமாகத் தூக்கும் கயிறு. படகு இடித்தாலும் சட்டம் கவிழாமல் திரும்பி நிற்கும்படி குண்டின் எடையை அவர்கள் வகுத்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. நான் வரைபடத்தில் காட்டிய எடை போதாது என்று சொல்லி, பாதி எடையைக் கூட்டிப் போட்டார்கள். அவர்கள் சொன்னதுதான் சரியாக இருந்தது. துறைமுகத்தின் எந்தப் பக்கத்தில் நீரோட்டம் சுழலும், எந்தத் தூணில் கட்டினால் பையன்கள் அறுத்துக்கொண்டு போகமாட்டார்கள் என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். இந்த ஆலோசனைக்குத் தனிக் கட்டணம் கிடையாது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, வாய் வளையம். கேட்காவிட்டால் சாதாரணத் துருப்பிடிக்காத எஃகு வளையத்தைப் போட்டுவிடுகிறார்கள். கடல்நீரில் அது ஓராண்டில் பொரியத் தொடங்கும், துருத்துகள் மடியில் இறங்கி நுண்ணோக்கியின் கீழ் பெரிய தொல்லையாகும். கடல்நீருக்கான 316 தர எஃகை நீங்களே வாங்கிக் கொண்டுபோய்க் கொடுங்கள். இரண்டாவது, நீல நிற மலிவுக் கயிறு. வெயிலில் அது ஒரே பருவத்தில் நார் நாராக உதிர்கிறது. அந்த நார் கடலுக்கும் நல்லதல்ல, உங்கள் மாதிரிக்கும் நல்லதல்ல. நைலான் கயிறு வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மூன்றாவது, பிடிபட்டவை வந்து சேரும் அடிமடிக் குப்பியை வலையோடு இணைக்கும் இறுக்கியில் எனக்கு இன்னும் முழு நிறைவில்லை. இரண்டு முறை கசிந்தது, இரண்டு முறையும் சலிக்காமல் சரிசெய்து கொடுத்தார்கள் என்றாலும், கடலுக்குப் போகுமுன் ஆய்வகத்தில் நீங்களே சோதித்துப் பார்ப்பது நல்லது.

பணம் சார்ந்த தொல்லை ஒன்றும் உண்டு. அவர்கள் தருவது கையால் எழுதிய சீட்டு. வரி எண்ணோடு அச்சிட்ட ரசீது கேட்கும் அலுவலகங்களில் அது செல்லாது. நான் என் நான்கு வலைகளில் மூன்றுக்குக் கைக்காசுதான் கொடுத்தேன். நேர்மையான வேலை ஒன்று, தாளில் ஒரு எண் இல்லாத காரணத்தால் கணக்கில் ஏறாமல் போவதும், ஒழுகும் வலை சான்றிதழோடு ஏறிவிடுவதும் எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம். பட்டறைக் கணக்கைப் பார்த்துவரும் மூத்தவரின் மருமகள், வரிப் பதிவுக்கு முயன்று வருவதாக அண்மையில் சொன்னார். நடந்தால் மாணவர்களுக்குப் பேருதவி.

விலையைப் பொறுத்தவரை, 30 சென்டிமீட்டர் வாயும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள வலைக்கு, துணி நாம் கொடுத்தால், கடைசியாக நான் கொடுத்த தையல்கூலி 1,800 ரூபாய். துணிதான் மீட்டருக்குச் சில ஆயிரம் ஆகிறது. அந்த அளவு வாயுள்ள வலையை ஏறக்குறைய 14 மீட்டர் தூரம் இழுத்தால் ஒரு கன மீட்டர் தண்ணீர் வடிகட்டப்படும் என்பதால், சிறு வள்ளத்திலிருந்து கையால் இழுக்க இதுவே வசதியான அளவு. இறக்குமதி வலைகள் இதைவிடப் பல மடங்கு விலை. அவற்றில் வலைக்குள் போகும் தண்ணீரை அளக்கும் ஓட்டமானியும் சீரான கண்ணியும் கிடைக்கும் என்பதை மறுக்கவில்லை. கப்பல் தேறியதா தேறவில்லையா என்று சட்டப்படி முடிவு சொல்லும் பரிசோதனைக்கு, குழாயோடு இணைத்த முறையான மாதிரியெடுப்புக் கருவிதான் வேண்டும். குளச்சல் வலையை அதற்குப் பரிந்துரைக்கமாட்டேன். துறைமுகக் கண்காணிப்பு, காயல் ஆய்வு, மாணவர் பயிற்சி ஆகியவற்றுக்கு இதைவிட நம்பகமான வலையை இந்த விலையில் நான் கண்டதில்லை.

காயல் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. தென் அமெரிக்காவைச் சேர்ந்த மைட்டெல்லா ஸ்ட்ரைகேட்டா என்ற சிப்பி, கேரளக் காயல்களில் பரவியிருப்பது 2019இல் ஆய்வாளர்களால் பதிவுசெய்யப்பட்டது. இந்தியாவிலேயே முதன்முதலாக நீடித்த மீன்வளத்துக்கான பன்னாட்டுச் சான்று பெற்ற மட்டித் தொழில் நடக்கும் கொல்லம் அஷ்டமுடிக் காயலிலும் அது குடியேறிவிட்டது. எண்ணூரில் அதே சிப்பியை மீனவர்கள் 'காக்கா ஆழி' என்கிறார்கள். கொசஸ்தலை ஆற்றின் அடித்தரையை மூடிக்கொண்டு, இறால் கிடைக்கும் இடங்களைப் பாழாக்குகிறது என்று அவர்கள் முறையிட்டு, அதை அகற்றும் பொறுப்பு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை பேசப்பட்டது. கொல்லத்துக்கும் எண்ணூருக்கும் இடையில் எங்கள் மணக்குடிக் காயலும் தேங்காய்ப்பட்டணத்து ஆற்றுமுகமும் இருக்கின்றன. கடியப்பட்டணத்திலும் குளச்சலிலும் பாறைகளில் முக்குளித்துச் சிப்பி எடுத்து வயிறு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். என் தாய்வழித் தாத்தா அவர்களில் ஒருவர். அவித்த மரச்சீனிக் கிழங்கும் சிப்பிக் குழம்பும்தான் என் பிள்ளைப் பருவத்தின் ஞாயிற்றுக்கிழமைகள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பலகையைத் தூக்கும்போது, அந்தப் பாறைகளுக்குப் போட்டியாக ஒரு புது ஓடு ஒட்டியிருக்கிறதா என்றுதான் முதலில் தேடுகிறேன்.

போக நினைப்பவர்கள் காலத்தைக் கவனியுங்கள். எங்கள் மாவட்டத்தில் மீன்பிடித் தடைக்காலம் இரண்டு: சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சலும் முட்டமும் தேங்காய்ப்பட்டணமும் மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. படகுகள் கரையேறும் அந்த நாட்களில்தான் எல்லோரும் வலையைப் பழுதுபார்க்க வருவார்கள்; ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை முடியும்வரை உங்கள் ஒரு மீட்டர் வலைக்கு அங்கே இடமிருக்காது. அது நியாயமும்கூட. ஞாயிறும் ஊர்த் திருவிழா நாட்களும் விடுமுறை. நுண்துணியை மடிக்காமல் குழாயில் சுருட்டிக் கொண்டுபோங்கள். மடிப்பு விழுந்த கோட்டில் கண்ணி விரிந்துவிடும். கூம்பின் அளவைத் தாளில் வரைந்தால் போதாது, செய்தித்தாளில் வெட்டிய மாதிரியையே கொடுங்கள்.

மூத்தவருக்கு இப்போது கண்பார்வை குறைந்துவிட்டது. நுண்துணித் தையலை மருமகள்தான் செய்கிறார். தையல் மாமனாரின் தையலைவிட நெருக்கமாகவே இருக்கிறது. ஆனால் கருமணல் சோதனையை மட்டும் மூத்தவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பொட்டு கண்ணுக்குத் தெரியாததால், ஈரத் துணியின் வெளிப்புறத்தில் தையல் நெடுக விரலை மெல்ல ஓட்டி, நெருடுகிறதா என்று தடவிப் பார்த்துச் சொல்கிறார். என் ஐந்தாவது வலைக்கான துணியை மே மாதக் கடைசியில் கொடுத்துவிட்டு வந்தேன். ஆகஸ்ட் முதல் வாரத்தில்தான் முடியும் என்று மருமகள் சொல்லியிருக்கிறார். தேங்காய்ப்பட்டணத்தில் மாதிரி எடுக்கும் பயணத்தையும் அதற்கேற்பத் தள்ளிவைத்திருக்கிறேன்.